நாய்க்கும் ஒருசந்தி

ஏண்டி, உனக்கு வேற வேலையே இல்லையா? அடுப்புல பால் பொங்குது, அதைப் பாக்காம கிழவி மணிக்கட்டுல என்ன தழும்புன்னு கேக்க வந்துட்டா. தெரிஞ்சு என்ன பண்ணப் போற, கோயில்ல பிரசங்கம் வைக்கப் போறியா? போ, பாலை இறக்கி வச்சுட்டு வா. வந்து தள்ளி உக்காரு, காலை மிதிக்காத.

இது நாய்ச் சங்கிலித் தழும்பு. ஆமா, என்னைத்தான் கட்டி வச்சிருந்தாங்க. சிரிக்காத, முழுசா கேளு.

நான் கல்யாணமாகி வந்தது தண்டுல, அதான் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த பக்கம், ஒரு துரை பங்களாவுக்கு. பங்களாவுக்குன்னா உள்ளுக்கு இல்லை, பின்னாடி அவுட்ஹவுஸ். ஒரு அறை, ஒரு அடுப்பு. உங்க தாத்தா அங்க பட்லர். அவரும் அவங்க அம்மாவும் இருந்த அறைக்குள்ள நான் இன்னொரு தகரப் பெட்டி மாதிரி வந்து சேர்ந்தேன். சுத்தி ஆள் உயர மதில். ஒரே கேட்டு. அந்த கேட்டுக்கும் எனக்கும் நடுவுல எங்க மாமியாரோட கயித்துக் கட்டில். சின்னப் பொண்ணு தனியா வெளிய போனா சோல்ஜருங்க தூக்கிக்கினு போயிடுவானுங்களாம். என் மூஞ்சியைப் பாத்தா அவனுங்களே திருப்பிக் கொண்டாந்து விட்டிருப்பானுங்க, அது வேற விஷயம். ஞாயித்துக்கிழமை பூசைக்கு ஜட்கால போவோம். அதுலயும் திரை. திரைக்கு வெளிய கடைவீதி இரையும், பூ வாசனை வரும், பக்கோடா வாசனை வரும். இந்த ஊரை நான் மூக்காலயேதான் பாத்தேன். ஒரே ஒரு தடவை, அந்த கேட்டைத் தாண்டி என் காலால நடக்கணும். வேற எதுவும் நான் கேக்கல.

அந்த வருஷம் துரையும் துரைசானியும் ஊட்டிக்குப் போனாங்க, உங்க தாத்தாவையும் இட்டுக்கினு. நாயை மட்டும் எங்ககிட்ட விட்டுட்டாங்க. முன்னாடி வருஷம் அது ரயில்ல யாரோ பெரிய துரையோட கால்சட்டையைக் கிழிச்சிருச்சாம். முழங்கால் உயரம்தான் இருக்கும், மூஞ்சி முழுக்க மீசை, ஒரு நிமிஷம் சும்மா நிக்காது. அதோட பேரு இங்கிலீஷ்காரன் வாய்க்குத்தான் வரும். எங்க மாமியார் "ஏ சனியனே"ன்னு கூப்பிடுவாங்க, அதுக்கும் வாலாட்டும்.

கொல்லையில ஒரு கொய்யா மரம். இந்தப் பக்கம் நான் பாத்திரம் தேய்ப்பேன், அந்தப் பக்கம் அது கட்டிக் கிடக்கும். ரெண்டு பேரும் கேட்டையே பாத்துக்கினு இருப்போம். "நீ எந்த ஊர்லேர்ந்துடி வாக்கப்பட்டு வந்த?"ன்னு கேப்பேன். தலையைச் சாய்ச்சுக் கேக்கும். அந்த வீட்ல நான் பேசினா தலையைச் சாய்ச்சுக் கேட்ட ஜீவன் அது ஒண்ணுதான்.

விபூதிப் புதன் வந்துது. தபசு காலம் ஆரம்பம். எங்க மாமியாருக்கு ஈஸ்டர் வரைக்கும் ஒருசந்தி. ஒருவேளைச் சாப்பாடு, கறி மீன் வாசல் மிதிக்காது. அன்னிக்குக் காலையில நாய்த் தட்டுல கேழ்வரகுக் கூழை ஊத்தினாங்க.

"அத்தை, துரைசானி தினம் கறி போடச் சொல்லிட்டுப் போனாங்களே?"

"வேதக்காரங்க வீட்ல இருக்கிற நாய் வேதக்கார நாய். அதுக்கும் ஒருசந்திதான்."

நாய் கூழை மோந்து பாத்துச்சு. எங்க மாமியாரைப் பாத்துச்சு. தட்டைக் கவுத்துட்டு அதும் மேலயே உக்காந்துக்கிச்சு.

கொஞ்ச நாள்ல விலாவெலும்பு தெரிஞ்சுது. ஒரு நாள் குளிப்பாட்டறதுக்குச் சங்கிலியை அவுத்துக் கையில சுத்திக்கினு நிக்கறேன், கேட்டுக்கு வெளிய கறிக்கடைப் பாயோட கூடைக்காரன் கறியைச் சுமந்துக்கினு போறான். அவ்வளவுதான்! கட்டில் பக்கமா, திறந்து கிடந்த கேட்டுக்குப் பாஞ்சுது நாய்.

மாமியார் கத்தினாங்க. "விடாதடி! விட்டா உன் புருஷன் வேலை போச்சு! விடாத!"

அவங்க பேச்சை நான் என்னிக்குத் தட்டினேன்? விடல. கட்டிலைச் சுத்தி, கேட்டைத் தாண்டி, ரோட்டுல வெறுங்காலோட இழுபட்டுக்கினு போறேன். கையில ரத்தம், கொண்டை அவுந்துபோச்சு, எதிர்ல வந்த ஜட்கா நின்னுபோச்சு. எனக்கோ சிரிப்பு தாங்கல.

நேரா கறிக்கடைக்குள்ள பூந்து பாய் மடியில ஏறிச்சு.

"அரே, பங்களா நாய்! ஏன் பேட்டி, ஏன் மகளே இப்படிக் காஞ்சு கிடக்குது?"

"ஒருசந்தி பாய்."

"யாருக்கு?"

"நாய்க்கு."

பாய் கத்தியைக் கீழ வச்சார். "எங்க ரம்ஜான்லகூட சாயந்தரம் ஆனா சோறு உண்டு பேட்டி. இதுக்கு எப்போ சாயந்தரம்?" சொல்லிக்கினே ஜவ்வும் கொழுப்பும் அள்ளிக் கையாலயே ஊட்டினார்.

திரும்பி வந்தா மாமியார் கேட்டுல நிக்கறாங்க. திட்ட வாயைத் தொறந்தவங்க நாய் விலாவைப் பாத்ததும் மூடிக்கினாங்க. நாய் இளைச்சா வேலை போகும், வேலை போனா அறையும் போகும். அதுக்காகக் கறியை உள்ள விட்டா ஒருசந்தி போகும்.

"கறி இந்த கேட்டைத் தாண்டி உள்ள வராது"ன்னாங்க.

"சரி அத்தை. நாய் தாண்டி வெளிய போலாமா?"

கட்டிலைப் பாத்தாங்க, ரோட்டைப் பாத்தாங்க.

"நீங்களே இட்டுக்கினு போங்க அத்தை."

"தபசு காலத்துல நான் கறிக்கடை வாசல்ல நிக்கறதா? மாதா சபைக்காரிங்க பாத்தா?"

"அப்ப வேணாம். உக்காந்து எலும்பு எண்ணுவோம்."

"வாயைப் பாரு! நீயே போய்த் தொலை. முக்காடு போட்டுக்க. நேரா போ, நேரா வா. சங்கிலியை விடாத."

நான் நேராதான் போனேன். நாய்க்குத்தான் நேரான்னா தெரியாது. அது ஏரிக்கரையில போச்சு, வளையல்காரன் கடையில மோந்துச்சு, சோல்ஜருங்க பேண்டு வாசிக்கிற மைதானத்துல நின்னு கூடவே ஊளையிட்டுச்சு. நானும் நின்னேன், என்ன பண்றது? திரும்பும்போதுதான் வம்பு. கேட்டுக்குப் பக்கத்துல வந்ததும் அது ரோட்டுலயே மல்லாந்து படுத்துக்கும். நான்தான் தரதரன்னு உள்ள இழுக்கணும். பண்ணக்கூடாத வேலைடி அது. நாய் மாதிரி நானும் ஒரு நாள் படுத்துக்கலாமான்னு தோணும். யார் என்னை இழுப்பாங்கன்னு நினைச்சுக்குவேன். கட்டில் தெரியும். நாயை இழுத்துக்கினு உள்ள போயிடுவேன்.

எல்லாரும் ஈஸ்டர் எப்ப வரும்னு காத்திருந்தாங்க. நான் மட்டும் வரவேணாம்னு செபமாலை சொன்னேன். வந்துருச்சு. மாமியார் வீட்லயே கறி ஆக்கி, நாய்த் தட்டுல குவிச்சு வச்சு, என்னைப் பாத்து "இனி நீ வெளிய போக வேணாம்"ன்னாங்க.

நாய் தட்டைச் சீந்தல. வாயில சங்கிலியைக் கவ்விக்கினு வந்து கேட்டுக்கு எதிர்ல உக்காந்துருச்சு. மாமியார் கொஞ்சினாங்க, அடிச்சாங்க, கையால ஊட்டிக்கூடப் பாத்தாங்க. பாய் கைதான் வேணும் அதுக்கு. மூணாம் நாள் மாமியார் கட்டில்ல சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கினு, "போய்த் தொலைங்க ரெண்டு சனியனும்"ன்னாங்க.

மழைக்கு முன்னாடி துரைசானி வந்துட்டாங்க. நாய் உருண்டையா இருக்கிறதைப் பாத்து உங்க தாத்தாவுக்கு ஒரே பாராட்டு. அதை பங்களா உள்ளுக்குத் தூக்கிக்கினு போயிட்டாங்க. மாமியார் மறுபடியும் கட்டில்ல கேட்டைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கினாங்க. நான் கொய்யா மரத்தடியில தனியா பாத்திரம் தேய்ச்சேன். கண்ணாடி ஜன்னல்ல மீசை தெரியும். நான் கையைத் தூக்கினா தழும்பைப் பாத்துக் குரைக்கும்.

பக்கத்து பங்களா ஆயாளுங்க மதில் மேல எட்டிப் பாத்தாங்க. "ஏன்டியம்மா, ஈஸ்டர் முடிஞ்சும் ஊரெல்லாம் சுத்தினியாமே, மாமியார் ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னாங்களே அக்கா. சங்கிலியை விடாதன்னாங்க, நான் விடல. ஊர் சுத்தினது நாய். நான் அது இழுத்த பக்கம் மாட்டிக்கினு போனேன். வேணும்னா அதையே கூப்பிட்டுக் கேளுங்க, பொய் சொல்லாது, வேதக்கார நாய்"னு சொல்லிட்டு, குனிஞ்சு சாம்பலை அள்ளிக்கினேன்.