பொன்னேரில் கட்டிய துண்டு

என் மகன் வாழைக்கு இடையில் களை உழ ஒரு சின்ன டில்லர், கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் நடந்து ஓட்டும் உழவு இயந்திரம், வாங்கியிருக்கிறான். அதன் சுழலும் கத்தியில் கொடி சுற்றி நின்றால் இஞ்சினை அமர்த்திவிட்டுத்தான் குனிகிறான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சித்தியின் ஞாபகம் வருகிறது. பெரிதாக எழுத எனக்குத் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் ஊர். நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது தாத்தா உழவு மாடுகளை விற்றுவிட்டு டில்லர் வாங்கினார். ஊரில் அதுதான் முதல். சித்தப்பாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க ஒருவர் வந்தார். கிளம்பும்போது ஒன்று சொன்னார்: "கத்தி நின்னுட்டுன்னு நம்பிராதிய. இஞ்சினை அமத்தாம கையைக் கொண்டு போகப்படாது."

சித்தப்பா தலையை ஆட்டினார். மோர் கொண்டுவந்த சித்தியும் கேட்டுக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி வந்த புதிது. வீட்டில் அவள் குரல் எப்படி இருக்கும் என்றே யாருக்கும் தெரியாது.

சித்திரையில் பொன்னேர் பூட்டினோம். வருஷத்தின் முதல் உழவு அது. அன்றைக்கு மாட்டுக் கொம்பில் புதுத் துண்டு கட்டுவது எங்கள் வழக்கம். மாடுதான் இல்லையே, டில்லரின் கைப்பிடியில் கட்டச் சொன்னார் தாத்தா. மஞ்சளில் நனைத்த நீளத் துண்டு. இஞ்சினுக்குச் சந்தனமும் குங்குமமும்.

பாதி வயல்கூட ஆகவில்லை. தொங்கிய துண்டின் நுனி கத்தியில் மாட்டியது. துணி இறுகச் சுற்றிக் கத்திகள் நின்றுவிட்டன. இஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. மாடு நின்றால் நின்றதுதான் என்று பழகியவர் சித்தப்பா. அப்படியே குனிந்து துணியை உருவப் போனார்.

சித்தியும் நானும் கஞ்சிப் பானையோடு வரப்பில் நின்றோம்.

"ஏங்க..." என்றாள் சித்தி. பக்கத்தில் நின்ற எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை. மறுபடியும் "ஏங்க" என்றாள். பிறகு பானையைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினாள்.

"ஏலே! கையை எடுலே!"

யார் தன்னை லே போட்டுக் கூப்பிட்டது என்று சித்தப்பா விருட்டென்று நிமிர்ந்தார். அந்த நேரத்தில் துணி கிழிந்தது. கத்திகள் திடீரென்று சுழன்று, துண்டு முழுவதையும் உள்ளே இழுத்துக்கொண்டன.

அடுத்த வயல் அண்ணாச்சிதான் முதலில் வாயைத் திறந்தார். "என்ன வே, மாட்டை வித்தாச்சு. மூக்கணாங்கயிறு உம்ம மூக்குல வந்துட்டு போலயே!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தாத்தா மட்டும் சிரிக்கவில்லை.

"புருசனைப் பாத்து ஏலேங்கா! இனிமே இவ வயக்காட்டுப் பக்கம் வரப்படாது."

சித்தி, கொட்டிக் கிடந்த கஞ்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள். சித்தப்பா இஞ்சினை அமர்த்தினார்.

மறுநாள் கஞ்சியை நான் தனியாகக் கொண்டுபோனேன்.

"ஒங்க சித்தி வரலையா?" என்றார் சித்தப்பா.

"தாத்தா வரக்கூடாதுன்னுட்டாவல்லா."

கைப்பிடியில் துண்டு எதுவும் இல்லை. சித்தப்பா வேட்டியையும் தார்பாய்ச்சி இறுக்கிக் கட்டியிருந்தார். கஞ்சியைத் தொடாமல் வலது கையை விரித்துப் பார்த்தார். மடக்கினார். மறுபடியும் விரித்துப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் சித்தியிடம் சொன்னேன்: "சித்தப்பாவுக்குக் கை வலிக்கி போல. விரிச்சு விரிச்சுப் பாக்காவ."

தாத்தா ஏசியபோது அழாத சித்தி, அடுப்படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சித்தப்பா கையில் ஒரு கீறல்கூட இல்லையே, இதற்குப் போய் ஏன் அழுகிறாள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.