பின்தெரு வத்தல் மில்

விளாங்குடியில் நாங்கள் வீடு வாங்கும்போதே பின்தெருவில் அந்த வத்தல் மில் இருந்தது. விற்றவர் மறைக்கவில்லை. "காத்து இந்தப் பக்கம் திரும்புனா கொஞ்சம் நெடி வரும், பழகிரும்" என்றார்.

பழகவில்லை. மிளகாய் வத்தல் அரைக்கும் நாளில் தெருவே தும்மும். நான்கு வயதில் என் மகளுக்கு வீசிங் ஆரம்பித்தது. பள்ளி விட்டு வந்ததும் ஜன்னல்களைச் சாத்திவிட்டு இன்ஹேலரோடு உட்கார்ந்திருப்பாள்.

மில்லை ஒரு புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்தினார்கள். மில்காரரிடம் போய், "அண்ணே, பாப்பாவுக்கு ஒரே இருமலா இருக்கு" என்று சொன்னேன். மறுவாரமே கூரைக்கு மேல் உயரமாகப் புகைக்குழாய் வைத்தார். பள்ளி விடும் நேரத்துக்கு முன்பே மிஷினை நிறுத்தவும் செய்தார். நெடி குறையவில்லை.

அடுத்த வருஷம் தெருக்காரர்கள் மாநகராட்சிக்கு மனு எழுதினார்கள். முதல் கையெழுத்து என்னுடையது. மகளின் டாக்டர் சீட்டையும் சேர்த்து வைத்தேன்.

விசாரணைக்கு இரண்டு தரப்பையும் கூப்பிட்டார்கள். மில்காரர் பழைய பஞ்சாயத்து லைசென்ஸை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"சார், நான் மில்லு போட்டப்ப சுத்தி வயக்காடு. ஒரு வீடு கிடையாது. இவுக எல்லாம் பின்னாடி வந்தவுக."

அதிகாரி அதை நிதானமாகப் படித்தார். "நீங்க சொல்றது உண்மைதான். ஆனா யாரு முன்னாடி வந்தாங்கன்னு சட்டம் பாக்காது. இப்ப குடியிருக்கவங்களுக்குத் தொந்தரவான்னுதான் பாக்கும். இந்த வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்க முடியாது. ஊருக்கு வெளிய எடம் பாருங்க."

"ஊருக்கு வெளியன்னு நெனச்சுத்தான் சார் இங்க போட்டேன்."

வெளியே வந்ததும் மில்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். "சீட்டப் படிக்கச் சொல்லிக் கேட்டேன் தம்பி. நீங்க அன்னைக்கு இருமல்னுதான சொன்னீக. பிள்ளைக்கு இம்புட்டுன்னு எனக்குத் தெரியாது." என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஒரு மாதம் கழித்து சீல் வைத்தார்கள். அன்று காலை அவர் மனைவி, அரைக்கக் கொடுத்தவர்களின் டப்பாக்களை வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் மல்லித்தூளும் அதில் இருந்தது. என் மனைவி வாசலில் வாங்கிக்கொண்டாள்.

கீழக்குயில்குடிப் பக்கம் மில்காரர் இடம் பார்த்தாராம். கொட்டகை போடும் முன்பே அங்கேயும் ஆட்சேபம். பிறகு இருவரும் மகனோடு இருக்கத் திருப்பூருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

மகளுக்கு வீசிங் கொஞ்ச நாள் குறைந்திருந்தது. அடைமழை தொடங்கியதும் திரும்ப வந்தது. டாக்டரிடம் மில்லைப் பற்றிச் சொன்னேன். "அதுவும் ஒரு காரணமா இருந்திருக்கலாம். நிச்சயமா சொல்ல முடியாது" என்றார்.

இன்றைக்கு அதே மனுவை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவேன் என்றுதான் நினைக்கிறேன். பிள்ளை மூச்சுக்குத் திணறும்போது வேறென்ன செய்ய. இருந்தும், பின்தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டேன்.