பன்னிரண்டு மணிப் பால்

இது கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். 1952, ஆவணி மாதம், ராயபுரத்தில் பட்டப்பகலில் நடந்தது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று சீனியம்மாளிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், துடைப்பக்கட்டையைத் தேடுவாள்.

அவளுக்கு ஏற்கெனவே வயிறு எரிந்துகொண்டிருந்தது. ஒன்பது வருஷம் பம்பாயில் குடித்தனம். புருஷன் ராசையா அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராயபுரத்தில் மொத்தக் கடை வைத்திருந்த அண்ணாச்சி கடுதாசி போட்டாராம். உடனே வேலையை விட்டான், நாலு மாதக் கைக்குழந்தையோடு அவளை ரயிலேற்றினான். பார்சலில் போட்ட டிரங்குப் பெட்டி வந்து சேரவே இல்லை.

“ஊரு விட்டு ஊரு இழுத்துட்டு வந்திய. எம் பெட்டி எங்க? புள்ளையை எதுல போட்டு ஆட்ட?”

“நாளைக்கு வந்துரும்.”

“ஒங்க நாளைக்குல தீய வைக்க!”

தூளிக்குப் பெற்றவளின் பழஞ்சேலைதான் வேண்டும். எந்தச் சேலையின் வாசம் பழகுகிறதோ, அதை உடுத்தவளைத்தான் பிள்ளை தேடும் என்பார்கள் அவள் ஊர்ப் பக்கத்தில். அவளுடைய பழஞ்சேலையெல்லாம் பெட்டியோடு போயிற்று. அந்த வாடகை வீட்டுப் பரணில் யாரோ விட்டுப்போன பச்சைச் சேலை ஒன்று கிடந்தது. பிறத்தியார் சேலையில் பிள்ளையைப் போடக்கூடாது என்று தெரியாதவளா அவள்? எல்லாம் தெரியும். ராசையா மேலிருந்த ஆத்திரத்தில் அதையே உத்தரத்தில் கட்டினாள்.

முதல் நாள். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம். பிள்ளை சிவந்தி தூளியில் தூங்கினான். கதவை வெளியே நாதாங்கி போட்டுவிட்டுக் குடத்தோடு ஓடினாள். திரும்பியபோது அலாரம் கடிகாரத்தில் 12.25. சிவந்தி விழித்திருந்தான். அழவில்லை. மார்பில் வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டான். வயிறு கும்மென்றிருந்தது. வாயோரம் பால்...

பொழுது சாயும்வரை அவளிடம் குடிக்கவே இல்லை.

இரண்டாம் நாள், 12.25. அதே கதை. பால் கட்டி அவள் மார்பு கல்லாகிக் காய்ச்சலே வந்துவிட்டது. வலியைக்கூடப் பொறுக்கலாம். பெற்ற பிள்ளை தன்னை வேண்டாம் என்கிறானே! பக்கத்துப் போர்ஷன் பச்சையம்மாவின் கதவை இடித்தாள்.

“ஏட்டி, எம் புள்ளைக்கு நீயா பால் குடுத்த?”

“இன்னாம்மே பேசுற? எனுக்குக் கடைசி புள்ள பொறந்து பன்னண்டு வருசம் ஆவுது. பாலு எங்கேந்து வரும்?”

சண்டை போடக் கிளம்பி வந்த பச்சையம்மா, இவள் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். தூளியைக் கண்டதும் அவள் முகம் செத்துவிட்டது.

“அந்தச் சீலய அவுத்துடு” என்றாள். திரும்பிப் போய்த் தன் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவிழ்ப்பாளா சீனியம்மாள்? கண்டவள் சொல்லியா? வீம்புக்கு அப்படியே விட்டாள்.

மூன்றாம் நாள். சங்கு ஊதியது. நாதாங்கி போட்டாள். ஆனால் குழாயடிக்குப் போகவில்லை. ஜன்னலோரம் ஒளிந்து நின்றாள். பால் கொடுக்கிற கள்ளியைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

12.05. ஒன்றுமில்லை.

12.10. தூளி ஆடியது. காற்றே இல்லை...

பிறகு தூளி தாழ்ந்தது. மெல்ல... மெல்ல... உத்தரம் கிறீச்சிட்டது. நாலு மாதப் பிள்ளைக்கு அத்தனை கனம் ஏது?

சேலையின் அடி தரையைத் தொட்டது.

மொச்... மொச்... மொச்...

பால் குடிக்கும் சத்தம்.

வேறு யாராவது என்றால் அலறியடித்து ஓடியிருப்பார்கள். இவள் குடத்தை விட்டெறிந்தாள். நாதாங்கியைத் தள்ளிக் கதவை உதைத்தாள்.

“விடுட்டி எம் புள்ளைய! நாற முண்ட!”

தூளிக்குள் கையை விட்டாள். பிள்ளை இருந்தான். அவனைச் சுற்றி இன்னொன்றும் இருந்தது...

ஈரமாய்.

குளிர்ந்து.

இழுத்தாள். அதுவும் இழுத்தது.

எப்படிப் பிடுங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. தெருவுக்கு வந்துதான் நின்றாள். மார்பில் வைத்தாள். திருப்பிக்கொண்டான். மறுபடி வைத்தாள். மறுபடி திருப்பிக்கொண்டான்.

“ஒன்னையப் பெத்தவ நாந்தாம்லே!”

நறுக்கென்று தொடையில் கிள்ளினாள். மூன்று நாளில் முதல் தடவையாகப் பிள்ளை வீரிட்டு அழுதான். அழுதபடியே வாயை வைத்தான்.

அன்று சாயங்காலமே வீட்டைக் காலி செய்தார்கள். நசுங்கிய குடத்தை எடுத்து வந்து கொடுத்தபோதுதான் பச்சையம்மா வாயைத் திறந்தாள்.

“இங்க வேம்புன்னு ஒரு பொண்ணு இருந்துச்சி. புருசன் கப்பல்ல வேல. கதவ சாத்திக்கினு உள்ளயே செத்துப் பூட்டா, யாரும் கண்டுக்கல. நாலாம் நாளு ஒடச்சிகினு போனோம். அவ பச்ச சீலத் தூளில புள்ள கொழுகொழுன்னு சிரிச்சிகினு கீது. வாயோரம் பாலு...”

“இதை மொதல்லயே சொல்லித் தொலைக்கப்படாதா?”

“சொன்னா நீ கேப்பியா?”

சீனியம்மாள் பல்லைக் கடித்தாள். “பொறவு? அந்தப் புள்ள எங்க?”

“ஆறு பொம்பளைங்க மார்ல போட்டுப் பாத்தோம். ஆட்டுப்பால சங்குல ஊத்தியும் பாத்தோம், ஒண்ணையும் தொடல. மூஞ்சியத் திருப்பிக்கினே கெடந்துச்சி. எட்டாம் நாளு பூட்ச்சி.”

சிவந்தி இன்னும் குடித்துக்கொண்டுதான் இருந்தான். அவன் வாயை எடுத்துவிடாமல் சீனியம்மாள் பிடரியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.