மஞ்சுநாத் சொன்ன ‘ஆய்த்து’

மாரத்தஹள்ளி பக்கம் ஏதோ ஒரு கம்பெனியில் கரண்ட் போய் வந்ததும், க்யூவில் காத்திருந்த தகவல் அத்தனையும் துடைத்தாற்போலக் காணாமல் போய்விட்டதாம். ஆபீஸ் பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டதை நரேஷ் வந்து உஷாவிடம் சொன்னான். எந்தக் கம்பெனி, எந்த க்யூ என்றால் அவனுக்கும் தெரியவில்லை.

“நம்ம க்யூக்கு அப்படி ஆகாதே, மேடம்?”

“ஆகாதுன்னு சொல்லத்தானே மூணு வாரமா ப்ளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் பாத்தேன்.”

உஷா ஆம்பூர்க்காரி. வீடு தொம்மலூரில், வேலை வைட்ஃபீல்டில், மீதி ஆயுசு நடுவழி டிராஃபிக்கில். தடுப்பூசி வைக்கும் ஃப்ரிட்ஜின் சூட்டை அளக்கும் சின்ன லினக்ஸ் பெட்டிகளுக்கு நிரல் எழுதுகிறாள். கிராமத்துச் சுகாதார நிலையங்களில் சிக்னல் அத்திபூத்தாற்போலத்தான் வரும். அதுவரை அளவுகள், அவற்றை வரிசையாகப் பிடித்துவைக்கும் மென்பொருளான க்யூவில் காத்திருக்க வேண்டும். கரண்ட் போனாலும் அழியக்கூடாது. அழிந்தால், கெட்டுப்போன மருந்து நல்ல மருந்தென்று குழந்தைக்கு ஏறிவிடும்.

பேர்பெற்ற க்யூக்கள் அந்தப் பெட்டியின் மெமரிக்குள் அடங்கவில்லை. அடங்கிய ஒன்றிலும் ஒரு வில்லங்கம்: டிஸ்கில் எழுதும் முன்பே ‘வாங்கிக்கொண்டேன்’ என்று சொல்லிவிடும்; அந்த நொடி கரண்ட் போனால் அளவும் போச்சு. செட்டிங்கில் ஒரு வரியை மாற்றினால், எழுதிய பிறகே சொல்லும். எல்லாப் பெட்டியிலும் அதை மாற்றச் சொல்லி, திங்கட்கிழமை, பெட்டிகளை ஊர் ஊராகப் போய்ப் பொருத்தும் மஞ்சுநாத்துக்குப் போன் செய்திருந்தாள். மர்பி டவுன்காரன், தமிழ் பேசினாலும் பாதி கன்னடம்.

“அந்த ஒரு வரி, மஞ்சு.”

“ஆய்த்து மேடம்.”

அதை இப்போது நரேஷிடம் சொன்னபோது அவன் சிரித்தான்.

“அவன் ஆய்த்துன்னா ‘சரி’ன்னு அர்த்தம் மேடம். முடிஞ்சுதுன்னு இல்ல. நேத்து சாப்பிட வாடான்னேன், அதுக்கும் ஆய்த்துன்னான். ஆளே வரல.”

‘சரி’ என்பதற்குக் கடையில் அவளே தினமும் சொல்லும் கன்னடச் சொல்தான். அன்றைய களைப்பில் காது அதைத் தமிழாக, ‘ஆயிற்று’ என்று கேட்டுவிட்டது.

நாற்பது பெட்டிகளில் மிஞ்சிய ஒன்று நரேஷின் மேஜையில் இருந்தது. மெதுவாக எழுந்துபோய் அதை ஓட்டிப் பார்த்தாள். வரி பழையபடியே இருந்தது. மற்ற முப்பத்தொன்பதும் காலையிலேயே மஞ்சுநாத்தோடு வேனில் ராய்ச்சூர் பக்கம் கிளம்பிவிட்டன. பொருத்தி சீல் வைத்துவிட்டால் இங்கிருந்து தொட முடியாது. மஞ்சுநாத்துக்கு இரண்டு தடவை போன் போட்டாள்; எடுக்கவில்லை.

“வண்டி ஓட்டிட்டிருப்பானோ என்னவோ,” என்றான் நரேஷ். இப்போது அவன் சிரிக்கவில்லை.

உஷா மூன்றாம் தடவையாகப் போன் போட்டாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.