தோளில் குத்திய மயில்

செந்துறை தனம் அக்கா போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு பழைய போட்டோ அனுப்பினார். அவருடைய அம்மா நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். இடது தோளில் கல் பதித்த மயில் புரோச். எந்த அரண்மனை நகை என்று பார்த்துச் சொல்லவேண்டுமாம். ஸ்டுடியோவில் வேலை பார்த்தவனுக்கு ராஜவம்சமும் தெரியும் என்று சொந்தக்காரர்களுக்கு ஒரு எண்ணம். நானும் அதைக் கெடுத்ததில்லை.

அக்காவின் அம்மா காலமான பிறகு பெட்டியைத் திறந்தால் மயில் இல்லை. கல்லங்குறிச்சியில் இருக்கும் தங்கச்சிதான் எடுத்தாள் என்று அக்கா சொல்ல, அக்காதான் அமுக்கிவிட்டாள் என்று தங்கச்சி சொல்ல, பேச்சுவார்த்தை நின்றது. இரண்டு பேருமே அதைப் படத்தில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. கல்லங்குறிச்சிப் பெருமாளைச் சேவிக்கப் போனால்கூட அக்கா, தங்கச்சி வீட்டுத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

மயிலைப் பார்த்ததும் எனக்குப் பவுடர் வாசனை அடித்தது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம், மாடியில் எங்கள் ஸ்டுடியோ. கண்ணாடிக்குக் கீழே பவுடர் டப்பா, பல் போன சீப்பு, யாருக்கும் சேராத ஒரு கோட்டு, பிறகு இந்த மயில். பித்தளையில் கண்ணாடிக் கல். முதலாளி அதை எல்லோருக்கும் தரமாட்டார். லெப்பைக்குடிகாட்டிலிருந்து பட்டுடுத்தி வந்த ஒரு பெண்மணி ஆசைப்பட்டுக் கேட்டபோதுகூட, "ஒங்களுக்கு எதுக்குங்க, பொடவையே எடுப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டார். தோளில் கிழிந்து தைத்த புடவையோடு வருகிறவர்களுக்குத்தான் மயில். "இத ஒண்ணு குத்திக்குங்க, படத்துக்கு நல்லாருக்கும்." கிழிசல் என்ற வார்த்தையை அந்த மாடியில் நான் கேட்டதே இல்லை. திட்டு வாங்கும் நேரம் போக, மற்ற நேரமெல்லாம் அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அக்காவுக்குப் போன் போட்டேன். "அது எங்க ஸ்டுடியோ புரோச்சுக்கா. படம் எடுத்ததும் கழட்டிக் குடுத்துட்டுப் போயிடுவாங்க."

"அப்ப அவ எடுக்கலையா?"

"யாருமே எடுக்கலக்கா."

"எங்கம்மாவுக்கு ஏன் குத்துனாங்களாம்?"

"லட்சணமான முகத்துக்குத்தான் குத்துவாருக்கா எங்க மொதலாளி."

நீங்களாக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

அந்த மாடியில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை. முதலாளியும் இல்லை, மயிலும் இல்லை. நேற்று அக்கா இன்னொரு படம் அனுப்பியிருந்தார். கல்லங்குறிச்சிக் கோயில் வாசலில் அக்காவும் தங்கச்சியும், செல்பி. பழைய பழக்கம், பெரிதாக்கிப் பார்த்தேன். தங்கச்சியின் இடது தோளில் அக்கா கை போட்டிருந்தார். விரலிடுக்கில், புடவையில் தையல் தெரிந்தது.

முதலாளி மயில் குத்துகிற அதே இடம்.