நம்பர் பிளேட்டுக்கு விழுந்த அடி

எனக்குச் சொந்த ஊர் ஓசூர் பக்கம் பேரிகை. வீட்டில் பேசுவது கன்னடம், படித்தது தமிழ், வேலை ஓசூரில் ஒரு கம்பெனியில்.

காவிரிப் பிரச்சினை சூடாக இருந்த சமயம், எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் இருக்கும் அக்காவைப் பார்க்க பைக்கில் போனேன். தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் நாலைந்து பேர் மறித்து அடித்தார்கள். "நானும் கன்னடக்காரன்தான்" என்று கன்னடத்திலேயே கத்தினேன். "பயத்துல பேசுறான்" என்று இன்னும் ரெண்டு போட்டார்கள். டீக்கடைக்காரர் ஒருவர் குறுக்கே விழுந்து தடுத்ததால் பிழைத்தேன்.

அங்கே போலீஸ் ஸ்டேஷனில், "நீயும் கன்னடம், அவங்களும் கன்னடம். இதுல மொழிச் சண்டை எங்க வந்துச்சு?" என்றார் எஸ்.ஐ. வண்டி உரசிய தகராறு என்று எழுதிக்கொண்டார். அடித்தவன் என் தாய்மொழியைக் கேட்டுவிட்டா அடித்தான்?

ஓசூர் திரும்பியதும், தமிழனை அடித்துவிட்டார்கள் என்று கொதித்துப்போய் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். மறியல் செய்வோம் என்றார்கள். நான் உள்ளே திரும்பி, மனைவியிடம் கன்னடத்தில் காபி போடச் சொன்னேன். காபி வருவதற்குள் எழுந்து போய்விட்டார்கள்.

இப்போது அக்கா வீட்டுக்கு பஸ்ஸில்தான் போகிறேன். பக்கத்து சீட்டில் யாராவது, "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டால், தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்கிறேன்.