புழுவின் சொந்த வெளிச்சம்

களமசேரிப் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் உருளைப்புழு வளர்ப்பவள் நான். ஒரு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி மாதிரி உடம்பு. அதன் குடல் செல்களுக்குள் சின்னச் சின்னப் பைகள் இருக்கும். அதில் ஒரு வகையை மட்டும், ஒளிரும் பச்சைப் புரதம் ஒன்றைச் சேர்த்து மின்ன வைத்து, மைக்ராஸ்கோப்பில் படமெடுத்து எண்ணுவேன். இரண்டு வருஷம் அதைத்தான் செய்தேன்.

ஆய்வுக் கட்டுரை அனுப்பும் முன், பச்சைப் புரதம் சேர்க்காத வெறும் புழுவையும் அதே மாதிரி படமெடுத்து வரச் சொன்னார் என் வழிகாட்டியான டீச்சர். ஆரம்பத்தில் எடுத்திருந்தேன். இருட்டாகத்தான் இருந்தது. அதன் பிறகு, புள்ளிகள் மங்கல் என்று கேமரா திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனவள், வெறும் புழுவைத் திரும்ப எடுக்கவே இல்லை.

அன்று எடுத்தேன். அதன் குடலிலும் அதே பச்சைப் புள்ளிகள். ஸ்லைடை மாற்றினேன். அடுத்த புழுவிலும் அதேதான்.

டீச்சர் திரையைப் பார்த்தபடி நின்றார். "இது குடல் துகள். தானே மின்னும். நேரம் கூட்டினால் படத்தில் விழும். உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும் டீச்சர்."

"பின்னே?"

அழுகை வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. புழு வளரும் தட்டுகளை மூடி வைத்தேன், கை கழுவினேன், வைட்டிலாவில் பஸ் மாறி மட்டாஞ்சேரி வந்தேன். வழியில் யாரோ காலை மிதித்தார்கள். வேறு யாருடைய காலோ என்று தோன்றியது.

வீட்டில் அண்ணன் இருந்தான். மாநகராட்சிக் குப்பை லாரி ஓட்டுகிறான். நான் எடுத்த படமொன்றை ஃபோன் முகப்பில் வைத்து, சாயாக்கடையில் எல்லாருக்கும் காட்டியிருந்தான். நடந்ததைச் சொன்னேன். ஃபோனை நீட்டினான்.

"அப்போ இது உன் பை இல்லையா?"

"இல்ல. புழுவுக்கே உள்ள வெளிச்சம்."

ஃபோனைத் திருப்பி அந்தப் படத்தைப் பார்த்தான். "ரெண்டு வருஷமா இதையா எண்ணிட்டிருந்தே?" அவன் சிரிக்கவில்லை. "சாயா போடட்டா?"

வேண்டாமென்றேன். போட்டான். குடித்தேன். நாக்கு சுட்டது மறுநாள்தான் தெரிந்தது.

அந்தத் துகள்கள் அநேகமாக இல்லாத புழு வகை ஒன்று உண்டு. டீச்சர் அதை வரவழைத்தார். என் புழுவோடு இனம் சேர்த்து, பச்சைப் புரதத்தை அதற்குள் கொண்டுவர மாதக்கணக்கானது. முதல் படத்தில் குடல் முழுக்க ஏறக்குறைய இருட்டு. ஒவ்வொரு செல்லிலும் நாலைந்து புள்ளிகள் மட்டும் தெரிந்தன. நான் தேடிய பைகள்.

டீச்சர் தோளைத் தட்டினார். "நன்னாயி" என்றார். தலையாட்டினேன். படத்தைச் சேமித்துவிட்டு அடுத்த புழுவை எடுத்தேன்.